வயலில் எரியும் வைக்கோல் வண்டியில் எரியுமா?

*டெல்லியை மூச்சுத் திணற வைக்கும் நெல் தாளிலிருந்து எத்தனால், எரிவாயு, விமான எரிபொருள் எல்லாமே எடுக்கலாம். வினையூக்கி தயார். வைக்கோல் ஆலைக்கு வந்து சேருமா?*

அக்டோபர் கடைசி வாரம். பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் நெல் அறுவடை முடிகிற நேரம். கம்பைன் இயந்திரம் கதிரை அறுத்துக்கொண்டு போய்விட்டது. வயலில் முழங்கால் உயரத்துக்குத் தாள் நிற்கிறது. அதன்மேல் இயந்திரம் உமிழ்ந்துவிட்டுப் போன வைக்கோல் வரிவரியாகக் கிடக்கிறது. ஒரு வயலில் பேலர் ஓடிக்கொண்டிருக்கிறது. தரையிலிருந்து வைக்கோலை அள்ளி, அழுத்தி, கயிறு சுற்றிக் கட்டுக் கட்டாகப் பின்னால் தள்ளுகிறது. கட்டுகளை ஆட்கள் டிரெய்லரில் ஏற்றுகிறார்கள். வண்டி நேரே எரிவாயு ஆலைக்குப் போகும்.

வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் வயல். பேலர் அவர் முறைக்கு வர இன்னும் பத்து நாளாகும். கோதுமை விதைக்க அவருக்கு அவ்வளவு நாள் இல்லை. வெயில் தாழ்ந்ததும் வயலின் நான்கு மூலையிலும் தீ வைக்கிறார். சடசடவென்று வெடித்துப் பரவும் நெருப்பு ஏக்கர் கணக்கான வைக்கோலைச் சிறிது நேரத்தில் கரியாக்கிவிடுகிறது. எழுந்த புகை மேலே போகாமல் தாழ்வாகவே தென்கிழக்கே, டெல்லியை நோக்கி நகர்கிறது.

இரண்டு வயலுக்கும் மண் ஒன்றுதான், விளைந்த நெல்லும் ஒன்றுதான். பேலர் வந்து சேரும் நாளில்தான் வித்தியாசம். உணவாகாத தாவரப் பகுதிகளிலிருந்து எரிபொருள் எடுக்கும் இந்தியாவின் ‘இரண்டாம் தலைமுறை’ உயிரி எரிபொருள் திட்டம் முழுவதும் அந்த வரப்பின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது.

வைக்கோலை எரிபொருளாக்கும் வேதியியல் நம்மிடம் இருக்கிறது. அதற்கென்றே உலகெங்கும் பெரிய பெரிய ஆலைகள் கட்டப்பட்டன. பல மூடப்பட்டன, சில ஓடுகின்றன. ஆய்வகத்தில் ஜெயித்த வினையூக்கி ஆலையில் ஏன் திணறுகிறது? அதை ஓட வைக்க என்ன வேண்டும்? ஓடினால் யாருக்கு லாபம்?

மூன்றே வாரம்

விவசாயி விரும்பித் தீ வைப்பதில்லை. நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போவதைத் தடுக்க 2009-ல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூன் மாதத்தில் அரசு குறிக்கும் தேதிக்கு முன்னால் நெல் நாற்று நடக் கூடாது. தண்ணீரைக் காப்பாற்ற நல்ல சட்டம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. நவம்பர் பாதிக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் கிடைப்பது இரண்டு, மூன்று வாரம். அதே நாட்களில் காற்றின் வேகம் குறைகிறது, குளிர் இறங்குகிறது. புகை கலையாமல் தரையோடு தங்கிவிடுகிறது.

மாட்டுக்குப் போடலாமே என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அங்கே மாட்டுத் தீவனம் கோதுமை வைக்கோல்தான். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், சத்து குறைவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் விழுகிறது.

அரசு கையில் எடுத்த முதல் ஆயுதம் அபராதம். 2024 நவம்பரில் மத்திய அரசு அதை இரட்டிப்பாக்கியது. 2 ஏக்கருக்குக் கீழே நிலம் உள்ளவருக்கு 5,000 ரூபாய், 5 ஏக்கருக்கு மேல் உள்ளவருக்கு 30,000 ரூபாய். பஞ்சாபில் செயற்கைக்கோள் கணக்கிட்ட தீ நிகழ்வுகள் 2020-ல் 76,590. 2023-ல் அது 36,663 ஆகவும், 2024-ல் 10,909 ஆகவும் இறங்கியது. நல்ல செய்திதான். ஆனாலும் செயற்கைக்கோள் மதிய வேளையில் கடந்து போகும் நேரம் விவசாயிகளுக்கும் தெரிந்துவிட்டது, சாயங்காலம் வைக்கும் தீ கணக்கில் விழுவதில்லை என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். அபராதத்துக்குப் பயந்து தீ மாலைக்கு மாறலாம். வைக்கோலை வயலிலிருந்து எடுத்துச் செல்ல அபராதத்தால் முடியாது.

---
பெட்டிச் செய்தி: ஒரு டன் நெல் வைக்கோல் எரிந்தால்...

● காற்றில் கலப்பவை: சுமார் 1,460 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 60 கிலோ கார்பன் மோனாக்சைடு, 3 கிலோ நுண்துகள், 2 கிலோ சல்பர் டை ஆக்சைடு.

● வைக்கோலில் அடங்கியிருக்கும் சத்து: சுமார் 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல் சத்து, 1.2 கிலோ கந்தகம். தீயில் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது.

● வயலில் மிஞ்சுவது: சுமார் 200 கிலோ சாம்பல்.
---

மாவு புளிக்கிறது, வைக்கோல் ஏன் புளிப்பதில்லை?

அரிசியை அரைத்து வைத்தால் ஒரே இரவில் மாவு பொங்கிவிடுகிறது. அதே நெற்பயிரின் வைக்கோலை வாரக்கணக்கில் ஊற வைத்தாலும் அப்படியே கிடக்கிறது. இத்தனைக்கும் அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் சர்க்கரையால் ஆனவை. சர்க்கரைக் கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் விதம்தான் வேறு. மாவுச்சத்தின் சங்கிலி சுருண்டு தளர்ந்து கிடக்கும், நுண்ணுயிர் எளிதில் அறுத்துவிடும். செல்லுலோஸ் நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு நெருங்கிப் படிகமாக இறுகியிருக்கும். அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு லிக்னின். நெல் வைக்கோலுக்கு இவை போதாதென்று சிலிக்கா கவசம் வேறு. பயிரைப் பூச்சியிடமிருந்தும் காற்றிலிருந்தும் காப்பாற்ற இயற்கை போட்ட பூட்டு அது.

அந்தப் பூட்டைத் திறப்பதுதான் வினையூக்கியின் வேலை. தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்துகிற பொருள் வினையூக்கி. அது உலோகமாக இருக்கலாம், அமிலமாக இருக்கலாம், நுண்துளைகள் நிறைந்த கனிமமாக இருக்கலாம். உயிர்கள் சுரக்கும் நொதியும் வினையூக்கிதான். மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இப்படிப்பட்ட நொதிகளைக் கொண்டுதான் புல்லைச் செரிக்க வைக்கின்றன.

செல்லுலோஸை அறுக்கும் நொதிக்குப் போர்க்காலக் கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் முகாமிட்ட அமெரிக்கப் படையின் கூடாரங்களும் பருத்தித் துணிகளும் சீக்கிரமே மட்கி நைந்துபோயின. காரணம் ஒரு பூஞ்சை. ராணுவ ஆய்வகத்தில் அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானியின் பெயரால் அது ‘டிரைக்கோடெர்மா ரீசி’ ஆயிற்று. பருத்தி ஏறக்குறைய முழுக்கவே செல்லுலோஸ். கூடாரத்தைத் தின்ற பூஞ்சை வைக்கோலையும் தின்னுமே என்று தோன்றியபோது எதிரி கூட்டாளியானது. இன்று உலகின் செல்லுலேஸ் நொதி உற்பத்திக்கு முதுகெலும்பாக இருப்பது இந்தப் பூஞ்சையின் வாரிசுகள்தான். நொதிகளை ஆய்வகத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் பரிணமிக்க வைத்து மேம்படுத்தும் முறைக்காக பிரான்சஸ் ஆர்னால்டு 2018-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். உயிரி எரிபொருளும் அவர் நேரடியாக இறங்கிய துறைதான். 2005-ல் அதற்கென்றே ஒரு நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார்.

மூன்று வழிகள், மூன்று முட்டுக்கட்டைகள்

முதல் வழி, நொதி. வைக்கோலைத் துண்டு துண்டாக்கி, நீர்த்த அமிலமும் நீராவியும் கொடுத்து வேகவைத்து, லிக்னின் பிடியைத் தளர்த்துகிறார்கள். பிறகு நொதி சேர்த்தால் செல்லுலோஸ் சர்க்கரையாகிறது. சர்க்கரையை ஈஸ்ட் எத்தனாலாக்குகிறது. ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அதற்கு மரபணு மாற்றிய ஈஸ்ட் தேவைப்படுகிறது. இந்த வழியில் நொதியின் விலை பெரிய சுமை. மாவுச்சத்தை உடைக்க ஆகும் நொதியைவிட வைக்கோலுக்குப் பல மடங்கு அதிகம் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி, வெப்பம். காற்றுப் புகாமல் சுமார் 500 டிகிரி செல்சியஸில் ஓரிரு விநாடி மட்டும் சூடாக்கினால் வைக்கோல் ஆவியாகி, குளிர்ந்ததும் கறுப்புத் திரவமாகிறது. இதை உயிரி எண்ணெய் என்கிறார்கள். பெயர்தான் எண்ணெய். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன், அதோடு நீர், வினிகர் போன்ற அமிலங்கள். எரித்தால் டீசல் தரும் வெப்பத்தில் பாதிகூடக் கிடைக்காது. குழாயையும் அரிக்கும். ஆக்சிஜனை வெளியேற்றத்தான் இங்கே வினையூக்கி. பெட்ரோலிய ஆலைகளில் பழகிய சியோலைட் என்ற நுண்துளைக் கனிமங்களும், நிக்கல், கோபால்ட், மாலிப்டினம் கலந்த வினையூக்கிகளும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் சியோலைட்டின் நுண்துளைகளில் சீக்கிரமே கரி படிந்து அடைத்துக்கொள்கிறது. வைக்கோலின் பொட்டாசியம் அதன் அமில முனைகளை மழுக்கிவிடுகிறது. கரியை எரித்து நீக்கி வினையூக்கியை மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, வாயு. இன்னும் அதிக வெப்பத்தில் வைக்கோலை ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவாக்கி, இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் செலுத்தினால் டீசலும் மெழுகும் கிடைக்கும். 1920-களில் ஜெர்மனியில் பிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் நிலக்கரிக்காகக் கண்டுபிடித்த முறை இது. வைக்கோலுக்கு வரும்போது துளி கந்தகம்கூட வினையூக்கிக்கு விஷம். சாம்பலில் இருக்கும் பொட்டாசியமும் சிலிக்காவும் உருகிப் பாகாகி உலைச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன.

மூன்று வழியிலும் முட்டுக்கட்டைகள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன. வைக்கோல் ஒரே தரத்தில் வருவதில்லை. ஒரு கட்டில் ஈரம், இன்னொன்றில் மண், மூன்றாவதில் பூஞ்சை. ஆய்வகத்தில் கழுவி, உலர்த்தி, பொடித்து எடுத்த ஒரு பிடி வைக்கோலில் அற்புதமாக ஓடும் வினையூக்கி, லாரி கொண்டுவந்து கொட்டும் வைக்கோலின் முன் தடுமாறுகிறது.

பானிபட்டும் லெஹ்ராகாகாவும்

2022 ஆகஸ்ட் 10, உலக உயிரி எரிபொருள் தினம். ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எத்தனால் ஆலையைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 35 ஏக்கர் பரப்பு, 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, புனேயின் பிராஜ் நிறுவனத்தின் தொழில்நுட்பம். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். இத்தகைய ஆலைகளுக்குக் கை கொடுக்கவே 2019-ல் மத்திய அரசு 1,969.50 கோடி ரூபாயில் ‘ஜீ-வன்’ திட்டத்தை அறிவித்திருந்தது. அசாமின் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

அதே 2022-ன் அக்டோபரில் சங்ரூரின் லெஹ்ராகாகாவில் ஜெர்மனியின் வெர்பியோ நிறுவனம் வேறு வழியில் இறங்கியது. நாளொன்றுக்கு 300 டன் வைக்கோலைப் பெரிய பெரிய தொட்டிகளில் மூடிவைத்து நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்கச் செய்து 33 டன் அழுத்தப்பட்ட எரிவாயு தயாரிக்கும் ஆலை அது. முழுத் திறனில் ஓடினால் 40,000 முதல் 45,000 ஏக்கர் வரையிலான வைக்கோல் தீக்கு இரையாகாது என்று திறப்பு விழாவில் சொல்லப்பட்டது.

பானிபட்டின் கணக்கையே அளவுகோலாக எடுத்துக்கொண்டால், பஞ்சாபின் 2 கோடி டன் வைக்கோலையும் விழுங்க அதுபோல 100 ஆலைகள் வேண்டும். 100 ஆலைக்கு 90,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. தானியத்திலிருந்து அதே அளவு எத்தனால் எடுக்கும் ஆலையைக் கட்ட இதில் சிறு பங்குதான் ஆகும். முதலாளி எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த சிக்கல் காலம். ஆலை ஆண்டு முழுவதும் ஓட வேண்டும், வைக்கோல் கிடைப்பதோ ஆண்டில் ஒரு மாதம். மீதிப் பதினோரு மாதத்துக்கும் சேர்த்து அள்ளி, மழை படாமல், தீப்பிடிக்காமல் அடுக்கி வைக்க வேண்டும். வைக்கோல் எடை குறைந்தது, இடம் அடைப்பது. லாரி நிறைய ஏற்றினாலும் ஏறுவதில் பெரும்பகுதி காற்றுதான். தூரம் கூடக் கூட வாடகை வைக்கோலின் விலையைத் தாண்டிவிடும். பேலர்கள் போதவில்லை. இருக்கிற பேலர்களும் ஒரே இருபது நாளில் எல்லா வயலுக்கும் வேண்டும், மற்ற நாட்களில் சும்மா நிற்கும். அந்த இருபது நாள் வருமானத்தை நம்பி லட்சக்கணக்கில் கடன் வாங்கி எத்தனை பேர் பேலர் வாங்குவார்கள்?

அயோவா கற்றுத் தந்த பாடம்

இந்தக் கேள்விகளுக்கு உலகம் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துப் பதில் தேடியிருக்கிறது. அமெரிக்கா 2007-ல் ஒரு சட்டம் போட்டது. 2022-ல் ஆண்டுக்கு 1,600 கோடி காலன், அதாவது சுமார் 6,000 கோடி லிட்டர் செல்லுலோஸ் எரிபொருள் என்பது இலக்கு. அந்த நம்பிக்கையில் அயோவா மாநிலத்தின் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஆலைகள் எழுந்தன. எம்மெட்ஸ்பர்க்கில் போயட்-டிஎஸ்எம் ஆலை 2014-லும், நெவாடா என்ற ஊரில் டுபான்ட் ஆலை 2015-லும் திறக்கப்பட்டன. கான்சாஸின் ஹுகோட்டனில் அபெங்கோவா ஆலையும் 2014-ல் வந்தது.

வேதியியல் இவற்றைக் கைவிடவில்லை. காலை வாரியது மண். மக்காச்சோளத் தட்டையோடு சேர்ந்து வந்த மணலும் கல்லும் அரைவை இயந்திரங்களைத் தேய்த்தன, குழாய்களை அடைத்தன. போயட்-டிஎஸ்எம் நிறுவனத்துக்கு இந்த முன்பதப்படுத்தும் கட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரவே மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் 2014-ன் பிற்பாதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. பெட்ரோல் மலிந்தபோது வைக்கோல் எத்தனாலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொள்கை ஆதரவும் உறுதியாக இல்லை. அபெங்கோவா 2015-லும் டுபான்ட் 2017-லும் ஆலையை மூடின. 2019-ல் போயட்-டிஎஸ்எம் உற்பத்தியை நிறுத்தியது. 2022 இலக்கில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அமெரிக்கா திரவ எத்தனாலாக எட்டவில்லை.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. டுபான்ட் கைவிட்ட நெவாடா ஆலையை 2018-ல் வாங்கியது வெர்பியோ. அதே மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனாலுக்குப் பதில் எரிவாயு எடுக்கும் ஆலையாக அதை மாற்றியது. லெஹ்ராகாகாவுக்கு வந்ததும் அதே நிறுவனம்தான். மண்ணும் ஈரமும் கலந்த வைக்கோலை நுட்பமான வினையூக்கியைவிட நுண்ணுயிர்க் கூட்டம் நன்றாகச் சகித்துக்கொள்கிறது.

---
பெட்டிச் செய்தி: ஓடியவையும் நின்றவையும்

● கியார், மிசிசிப்பி, அமெரிக்கா: மரச்சில்லுகளை வினையூக்கி கொண்டு எண்ணெயாக்கும் ஆலை. 2012-ல் தொடங்கியது, 2014-ல் நிறுவனமே திவால்.

● கிளாரியன்ட், பொடாரி, ருமேனியா: ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 50,000 டன் எத்தனால் என்ற திட்டம். 2022-ல் உற்பத்தித் தொடக்கம், 2023 டிசம்பரில் மூடும் அறிவிப்பு.

● ரைசன், சாவ் பாவுலோ மாநிலம், பிரேசில்: கரும்புச் சக்கையிலிருந்து எத்தனால். இரண்டாவது ஆலை 2024-ல் திறப்பு. திறன் ஆண்டுக்கு 8.2 கோடி லிட்டர்.

● லான்ஸாஜெட், ஜார்ஜியா, அமெரிக்கா: எத்தனாலை வினையூக்கி கொண்டு விமான எரிபொருளாக மாற்றும் ஆலை. 2024 ஜனவரியில் திறப்பு.
---

பிரேசில் ஏன் தாக்குப்பிடிக்கிறது? அங்கே கரும்புச் சக்கையை வயல் வயலாகத் தேடிப் போக வேண்டியதில்லை. கரும்போடு சேர்ந்து அது ஏற்கெனவே ஆலை வாசலுக்கு வந்துவிடுகிறது. அள்ளும் செலவு, கட்டும் செலவு, லாரி வாடகை எல்லாம் சர்க்கரைக் கணக்கில் கழிந்துவிடுகின்றன. மூலப்பொருள் வாசலுக்கு வந்து சேர்ந்தால் வினையூக்கி தன் வேலையைச் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சோளத்தை எரிப்பதா, சோளத்தட்டையை எரிப்பதா?

வைக்கோல் ஆலைகள் தள்ளாடும்போது அதன் விளைவு வேறோர் இடத்தில் வலிக்கிறது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2030-லிருந்து முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டியது. அந்த எத்தனாலில் வைக்கோலின் பங்கு மிகச் சிறிது. கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும்தான் தொட்டியை நிரப்பின. 2024-25-ல் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 52 லட்சம் டன் அரிசி எத்தனாலுக்கு ஒதுக்கப்பட்டது. குவிண்டாலுக்கு 2,800 ரூபாயாக இருந்த விலை 2,250 ஆகக் குறைத்துத் தரப்பட்டது.

நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இந்தக் கொள்கையின் சூடு நேரடியாகத் தெரியும். கோழித் தீவனத்தின் பெரும்பகுதி மக்காச்சோளம். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. வடிப்பாலைக்கும் பண்ணைக்கும் நடந்த போட்டியில் தீவன விலை ஏறியது. தண்ணீர்க் கணக்கு இன்னும் கவலை தருகிறது. கரும்பு வழியாக ஒரு லிட்டர் எத்தனால் கிடைக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் தேவை என்று நிதி ஆயோக் 2021 அறிக்கை குறிப்பிடுகிறது. வைக்கோலுக்கென்று தனியாக ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. நெல்லுக்குப் பாய்ச்சியதே போதும். தானியத்தைச் சாப்பாட்டுக்கும் தீவனத்துக்கும் விட்டுவிட்டு, தாளையும் தட்டையையும் எரிபொருளுக்கு எடுப்பதுதான் நியாயமான வழி. இதைத் தாமதப்படுத்தும் ஒவ்வோர் ஆண்டும் சாப்பாட்டுத் தட்டில் ஒரு பங்கு வண்டித் தொட்டிக்குப் போகிறது.

இன்னொரு வாடிக்கையாளரும் வாசலில் நிற்கிறார். கார் மின்சாரத்துக்கு மாறலாம், நீண்ட தூர விமானம் பேட்டரியில் பறக்க இப்போதைக்கு வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் விமான எரிபொருளில் 2 சதவீதமும் 2030-ல் 6 சதவீதமும் பசுமை எரிபொருள் கலக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. இந்தியாவும் சர்வதேச விமானங்களுக்கு 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2 சதவீதம், 2030-ல் 5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. வைக்கோல் எத்தனாலை வினையூக்கி வழியே விமான எரிபொருளாக்கினால் அதற்குக் காரின் தொட்டியைவிட நல்ல விலை கிடைக்கும். அந்த விலையில் ஒரு பங்கு வரப்பு வரை இறங்கி வருமா என்பதுதான் கேள்வி.

மண் என்ன கேட்கிறது?

வைக்கோலை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டால் மண் பட்டினி கிடக்காதா? விவசாயிகளும் வேளாண் விஞ்ஞானிகளும் கேட்கும் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு டன் வைக்கோலோடு 25 கிலோ சாம்பல் சத்து வயலை விட்டு வெளியேறுகிறது. அதனால்தான் தாளை எரிக்காமல், அள்ளாமல், அதன் ஊடாகவே கோதுமை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ போன்ற கருவிகளையும், தாளை மட்க வைக்கும் பூஞ்சைக் கரைசலையும் ஒரு தரப்பு ஆதரிக்கிறது. அதில் நியாயம் உண்டு. ஓரளவு தாள் வயலிலேயே தங்கட்டும், மிஞ்சியது ஆலைக்குப் போகட்டும்.

ஆலைக்குப் போனதிலும் சத்து முழுவதும் அழிந்துவிடுவதில்லை. எரிவாயு ஆலையிலிருந்து வெளியேறும் கசடு நல்ல உரம். லெஹ்ராகாகா ஆலை நாளொன்றுக்கு 600 டன்னுக்கு மேல் அப்படி உரம் தரும் என்று மதிப்பிடப்பட்டது. எத்தனால் ஆலையின் சாம்பலிலும் சாம்பல் சத்து இருக்கிறது. எடுத்த வயலுக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பசுமை எரிபொருள் என்ற பெயருக்கு அந்த ஆலை அப்போதுதான் தகுதி பெறும்.

நம் ஊரில் ஏன் தீ இல்லை?

காவிரிப் படுகையிலும் இப்போது கம்பைன்தான் அறுக்கிறது. அறுத்த கையோடு வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் வயலில் இறங்குகிறது. கட்டுகள் வியாபாரி கைக்குப் போகின்றன, மாட்டுத் தீவனத்துக்கும் காளான் வளர்ப்புக்கும் லாரி ஏறுகின்றன. தஞ்சை விவசாயிக்கும் சங்ரூர் விவசாயிக்கும் குணத்தில் வித்தியாசமில்லை. இங்கே வைக்கோலுக்கு வாங்க ஆள் இருக்கிறது, விலை இருக்கிறது. அதனால் நெருப்பு வைக்க மனம் வருவதில்லை.

அறிவியல் பக்கத்திலும் நமக்குப் பங்கு உண்டு. சென்னை ஐஐடியில் 2006 முதல் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. தமிழ்நாட்டில் பருத்திமாரும், கரும்புச் சோகையும், தென்னை மட்டையும் மாவட்டந்தோறும் கிடைக்கின்றன. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்துப் பழகியவை. பிரேசிலைப் போல மூலப்பொருள் வாசலுக்கே வந்துவிடும் இடங்கள் அவை. வைக்கோல் எத்தனாலுக்கு முன்பாகச் சக்கை எத்தனாலை இங்கே சோதித்துப் பார்ப்பது அறிவுள்ள தொடக்கமாக இருக்கும்.

செய்ய வேண்டியவை

2018-ல் ‘சதத்’ திட்டத்தில் 5,000 எரிவாயு ஆலைகள் என்று இலக்கு வைத்த நாடு, அதன் அருகில்கூட இன்னும் போகவில்லை. புதிய இலக்குகளை அறிவிப்பதைவிட நான்கு வேலைகளை முடிப்பது முக்கியம்.

ஒன்று, ஆராய்ச்சிப் பணம் அழுக்கு வைக்கோலை நோக்கித் திரும்ப வேண்டும். மண்ணும் ஈரமும் கலந்து, ஆறு மாதம் போரில் கிடந்த வைக்கோலில் பல மாதம் தொடர்ந்து உழைத்துக் காட்டிய வினையூக்கியைத்தான் வெற்றி என்று கொண்டாட வேண்டும். லிக்னினைக் கொதிகலனில் எரித்துத் தீர்க்காமல் விலைபோகும் ரசாயனங்களாக மாற்றும் வினையூக்கிகளுக்கும் அதே கவனம் வேண்டும். ஆலையின் கணக்கு லாபத்தில் முடிய அது உதவும்.

இரண்டு, பேலரும் கிடங்கும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு ராட்சத ஆலையை நம்பாமல், ஊராட்சி அளவில் சேமிப்புக் கிடங்குகளும், கூட்டுறவு முறையில் பேலர்களும் வர வேண்டும். கோதுமை வைக்கோலுக்கும், கரும்புச் சோகைக்கும் அதே பேலரைப் பயன்படுத்தினால் அது ஆண்டில் இருபது நாள் மட்டும் ஓடும் இயந்திரமாக இருக்காது.

மூன்று, வாங்குவதற்கு உறுதி. நகர எரிவாயு நிறுவனங்கள் 2025-26-ல் 1 சதவீதம் தொடங்கி 2028-29-ல் 5 சதவீதம் வரை உயிரி எரிவாயு கலக்க வேண்டும் என்ற விதி நல்ல தொடக்கம். கச்சா எண்ணெய் மலியும் ஆண்டிலும் இந்த விதி தளரக் கூடாது. அயோவாவின் ஆலைகளைச் சாய்த்ததில் அப்படி எண்ணெய் மலிந்த ஆண்டுகளுக்கும் பங்கு உண்டு.

நான்கு, எல்லாவற்றுக்கும் மேலாக, வைக்கோலுக்கு விலை. கரும்பிலிருந்து வரும் எத்தனாலுக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயிக்கிறது. நெல்லுக்கு ஆதரவு விலை அறிவிக்கிறது. வைக்கோலுக்கு நாடு முழுமைக்கும் பொதுவான ஆதரவு விலை கிடையாது. எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று எழுதத் தெரிந்த அரசுக்கு, எரிக்காமல் கட்டிக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று எழுதவும் தெரியும். அந்தப் பணம் ஆலைக்காரரிடமும் இடைத்தரகரிடமும் தங்காமல் விவசாயி கைக்கு வர வேண்டும். வரும் அக்டோபர் அறுவடைக்குள் இதைச் செய்து முடிக்கலாம். அதற்குப் புதிதாக எந்த வினையூக்கியையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.